நியூட்ரலில் அரைமணி நேரம்

அந்தக் காருக்குள் பஸ்காரர் உட்கார்ந்திருப்பதை முதல் முறை பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் முறை யாரும் சிரிக்கவில்லை. அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது.

ஆறடி இரண்டங்குல மனிதர். சீட்டோ ஐந்தடி ஆளுக்காக முன்னால் இழுத்து வைத்தது. முழங்கால்கள் ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் எழும்பி நிற்க, வயதான வெட்டுக்கிளி ஒன்று வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வது போல உட்கார்ந்திருப்பார். காலை ஆறு மணிக்குக் கீழ்த்தளத்துக்கு இறங்கி வருவார். வண்டியை ஸ்டார்ட் செய்வார். ஆறரைக்கு அணைத்துவிட்டு மாடிக்குப் போவார். இடையில் வண்டி ஓர் அங்குலம்கூட நகராது. சீட்டைப் பின்னால் தள்ள, அதற்குக் கீழே ஒரு கம்பி இருந்தது. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அது மகள் வைத்துவிட்டுப் போன இடம். அதனால் தொடமாட்டார்.

மகள் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள், மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. அப்போது பஸ்காரர் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காமல், ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். தகவல் கிடைத்து வந்து சேர்ந்தபோது அவள் பேசும் நிலையைத் தாண்டியிருந்தாள். எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. உங்கள் வண்டி எங்கள் பார்க்கிங்கிலேயே நிற்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்தான் போய், அதே சீட்டில் மடங்கி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வந்தார். அவ்வளவு காய்ச்சலில் தானே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள் என்ற நினைப்பு, அந்த ஏழு கிலோமீட்டரும் அவருடைய முழங்காலைவிட அதிகமாக வலித்தது.

மகளுக்கு அவர் வைத்த பெயர் கண்டக்டர். ஏழு வயதில், விடுமுறை நாட்களில், அப்பாவின் பஸ்ஸில் கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும், இரண்டு தட்டினால் போக வேண்டும். உண்மையான கண்டக்டர் தட்டுவதற்குள் இவள் தட்டிவிடுவாள். ஏறிக்கொண்டிருந்த பயணிகள் திட்டுவார்கள். பஸ்காரர் முன்னால் பார்த்துக்கொண்டு, திட்டு யாருக்கோ என்பது போல் ஓட்டுவார்.

அந்த நட்பு இந்தக் காரால்தான் கெட்டது. மகள் சம்பாதித்து, பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினாள். பஸ்காரர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"கிளட்ச் எங்க?"

"கிடையாதுப்பா."

"கியர்?"

"மாத்த வேண்டியதே இல்லப்பா. அதுவே பாத்துக்கும்."

"அப்ப உள்ள டிரைவர் எதுக்கு? துணைக்கா?"

அதன் பிறகு அந்தக் காருக்கு அந்த வீட்டில் மிக்ஸி என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய தட்டை வைத்து, அதன் நடுவில் ஒரு டம்ளரை வைத்து, டம்ளரைச் சுற்றி நான்கு கிண்ண மூடிகளை அடுக்கினாள். "ரெண்டே நிமிஷம் உக்காருங்கப்பா, உள்ள கியர் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டறேன்" என்றாள். பஸ்காரர், "எனக்கு வேலை இருக்கு" என்று எழுந்து போனார். ஓய்வு பெற்றவருக்கு இருந்த வேலை, காலையில் படித்த பேப்பரை மறுபடி படிப்பது.

அவளுக்குப் பிறகு வண்டியை விற்றுவிடலாம் என்றாள் மனைவி. நூலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் அவள். மேல் அடுக்குப் புத்தகத்துக்கு ஸ்டூல் போட்டு ஏறும் உயரம், மகளுக்கும் அதே உயரம். எட்டு மாதத்தில் அவள் ஒருமுறைகூட வண்டி நிற்கும் பக்கம் வரவில்லை. குப்பை போடக்கூட பின்வாசல் வழியாகத்தான் சுற்றிப் போனாள். பஸ்காரர் விற்கச் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஸ்டார்ட் ஆகும்வரை வண்டி வீட்டில் இருக்கும். ஸ்டார்ட் ஆகாத அன்றைக்கு விற்றுவிட வேண்டும்.

அதனால்தான் அந்தத் தினசரி அரைமணி நேரம். சும்மா நிற்கும் வண்டியின் பேட்டரி செத்துப்போகும் என்பது அவருக்குத் தெரியும். ஸ்டார்ட் செய்வார், இன்ஜின் ஓடும். உடனே நியூட்ரலில் போடுவார். நிற்கிற வண்டியைக் கியரில் வைத்திருப்பவன் டிரைவரே இல்லை என்பது அவர் கட்சி. புழுக்கமான நாட்களில் ஏசியைப் போட்டுக்கொள்வார். ஏதேதோ அம்புக்குறிகள் ஓடிக்கொண்டிருந்த திரையின் மேல் தூசி விழாமல் ஒரு துண்டைப் போர்த்தி வைத்திருந்தார். திரை அவ்வப்போது எதற்கோ கீச்சிட்டது. முப்பத்தொரு வருடம் பஸ் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காது அதையெல்லாம் சட்டை செய்வதில்லை.

அப்படியிருக்க, ஒரு புதன்கிழமை காலை, பொத்தானை அழுத்தினார். விளக்குகள் எரிந்தன. இன்ஜின் வரவில்லை. மறுபடி அழுத்தினார். வரவில்லை.

மனைவியிடம் சொல்ல அவர் மாடி ஏறவில்லை. மெக்கானிக்குக்கு போன் செய்தார்.

மெக்கானிக்குக்கு எல்லோரும் வைத்த பெயர் கிளவுஸ். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை இல்லாமல் அவர் எந்த ஹைபிரிட்டையும் தொடமாட்டார். சாப்பிடும்போதும் கழற்றமாட்டார் என்பது வதந்தி. ஒரு கையை மட்டும் கழற்றுவார். பெருத்த உடம்பு. வந்ததும் கார்க் கதவைத் திறந்தார். எந்த மெக்கானிக்கும் செய்வது போல, பார்க்காமலேயே கை சீட்டுக்கு அடியில் போனது.

"சீட்டைத் தொடாதீங்க!"

கிளவுஸ் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். "என்ன சார், கரண்ட் கிரண்ட் வருதா?"

"இல்ல. அது அப்படியே இருக்கணும்."

கிளவுஸ் சீட்டைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார், பஸ்காரரின் முகத்தைப் பார்த்தார். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். ஹாரன் அடித்தது. "நான் அடிக்கல சார், வயிறு" என்றார்.

கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து மூச்சு விட்டார். "சின்ன பேட்டரி நல்லாத்தான் இருக்கு. பின்னாடி இருக்கிற பெரிய பேட்டரி தரை தட்டிடுச்சு. இந்த வண்டிக்குத் தனியா ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது சார். பெரிய பேட்டரிதான் இன்ஜினைச் சுத்தி எழுப்பணும். அதுல சத்து இல்லன்னா இன்ஜின் எழுந்திருக்காது. இன்ஜின் எழுந்தாத்தான் அதுக்குச் சத்து. மாமியார் மருமக மாதிரி, ஒருத்தர் மொதல்ல எறங்கி வரணும்."

"சரி பண்ண முடியுமா?"

"சார்ஜர் கொண்டாந்திருக்கேன். மெல்ல மெல்ல ஏத்திப் பாப்போம். அதுக்கு முன்னாடி மூக்கைப் பாத்துடறேன்."

மூக்கு என்று அவர் சொன்னது பின்சீட்டின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்னச் சல்லடையை. பேட்டரியைக் குளிர வைக்கும் விசிறி அந்த வழியாகத்தான் காருக்குள் இருக்கும் காற்றை இழுக்கும். தூசி அடைத்தால் பேட்டரி சூடாகிக் கெடும். வருடத்துக்கு ஒருமுறையாவது எடுத்துத் தட்ட வேண்டும். யாரும் தட்டமாட்டார்கள், அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

கிளவுஸ் அதைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சாம்பல் நிறத்தில் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. அதில் ஒரு நீளமான தலைமுடி, சுருண்டு, ஒரு முனை மட்டும் வெளியே வந்து காற்றில் ஆடியது.

"ஒரு நிமிஷம்..." என்று பஸ்காரர் வாயைத் திறப்பதற்குள், கிளவுஸ் சல்லடையைப் பின்டயரில் தட், தட் என்று இரண்டு தட்டு தட்டி, வாயாலும் ஒருமுறை பலமாக ஊதினார்.

"சுத்தமாயிடுச்சு" என்றார்.

பஸ்காரர் தரையைப் பார்த்தார். சிமெண்டுத் தரையில் எட்டு மாதத்துக்கும் முந்தைய தூசி கிடந்தது. நிறைய தூசி. அதில் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. மெக்கானிக் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்.

அடுத்து கிளவுஸ் புதுக் கையுறையின் வாயைச் சுருட்டி, காற்றை அடைத்து, எங்காவது கசிகிறதா என்று காதில் வைத்துக் கேட்டார். மாட்டிக்கொண்டு, பேட்டரியின் பக்கத்திலிருந்த ஆரஞ்சு நிறப் பிடியை இழுத்து உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இனிமே பத்து நிமிஷம் சும்மா நிக்கணும் சார். கரண்டைத் துண்டிச்சாலும் உள்ள கொஞ்சம் தங்கியிருக்கும். அது தானா அடங்கணும். இந்த வேலையிலயே கஷ்டமானது இதுதான்."

அந்தப் பத்து நிமிடத்தில்தான் மனைவி வந்தாள். கையில் இரண்டு கோப்பை டீ. விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆறரைக்கு மாடிக்குத் திரும்பாத கணவர், கீழே ஹாரன் சத்தம், வேறென்ன வேண்டும். வண்டியிலிருந்து நான்கடி தள்ளியே நின்றுகொண்டாள்.

"தினமும் அரைமணி நேரம் ஓட விடறேன் தம்பி" என்றார் பஸ்காரர். "ஒருநாள் தவறினதில்ல. இன்ஜின் ஓடும். அப்புறம் எப்படி பேட்டரி தரை தட்டும்?"

"கியரைப் பார்க்ல வெச்சுத்தானே ஓட விட்டீங்க?"

"சேச்சே. நியூட்ரல்ல."

கிளவுஸ் டீயை உறிஞ்சுவதை நிறுத்தினார். "அதான பாத்தேன்."

"என்ன அதான பாத்தேன்?"

"சார், இது நீங்க ஓட்டின கியர் பாக்ஸ் இல்ல. உள்ள கிளட்ச் இல்ல, பெல்ட் இல்ல, கியர் கழலறது மாட்டறது எதுவும் இல்ல. நடுவுல ஒரு சின்னப் பல்சக்கரம், அதைச் சுத்தி நாலு, எல்லாத்துக்கும் வெளியில பெரிய வளையம். நடுவுல இருக்கிறதுல ஒரு மோட்டார். நாலும் சேர்ந்து இன்ஜினோட ஆளு. வெளி வளையத்துல இன்னொரு மோட்டாரும் டயரும். யாரும் யாரையும் விடறதே இல்ல. ஒருத்தர் வேகம் மாறினா இன்னொருத்தர் அனுசரிச்சுப்பாங்க, அவ்வளவுதான் கியர். நியூட்ரல் போட்டா பல்லு எதுவும் பிரியாது. ரெண்டு மோட்டாருக்கும் கரண்ட்தான் நிக்கும். இன்ஜின் ஓடும், நல்லாவே ஓடும், ஆனா பேட்டரிக்கு ஒரு சொட்டு போகாது. போதாக்குறைக்கு ஏசி வேற உறிஞ்சும். திரையில எழுதிக் காட்டுமே சார், பார்க்குக்கு மாத்துன்னு?"

பஸ்காரர் துண்டைப் பார்த்தார்.

இருநூறு நாளுக்கு மேல். தினமும் அரைமணி நேரம். அதைச் சாகாமல் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, மடங்கி உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தீர்த்திருக்கிறார்.

"அவ சொன்னா" என்றாள் மனைவி. மிக மெதுவாக. "சிக்னல்ல நின்னா நியூட்ரல் போடாதேம்மா, பிரேக்கை மட்டும் மிதிச்சுக்கோன்னு."

பஸ்காரர் திரும்பினார். "யார்கிட்ட சொன்னா?"

"எங்கிட்டதான்."

"உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

மனைவி காலி டீக் கோப்பைகளை வாங்கி, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தாள். அவை சரியாக உட்காரவில்லை. மறுபடி எடுத்து வைத்தாள்.

"எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்தா. நீங்க கம்பெனி பஸ்ஸுக்குப் போற நாள்ல. அப்பாக்குத் தெரிஞ்சா மிக்ஸிக்கு ரெண்டு டிரைவரான்னு கேப்பார், லைசென்ஸ் வாங்கிட்டு ஒரேயடியா சொல்லுவோம்னா. அப்ப லைசென்ஸ் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனது நான். அவ பின்சீட்ல படுத்திருந்தா."

கிளவுஸ் திடீரென்று வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டிய அவசர வேலை இருப்பதாக உணர்ந்தார். ஜாக்கியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார்.

"அப்ப இந்த சீட்டு?" என்றார் பஸ்காரர்.

"எனக்குக் கால் எட்டல. அவளைவிட எனக்குக் கால் கொஞ்சம் குட்டை. அவதான் பின்னாடி படுத்துட்டே சொன்னா, சீட்டை ரெண்டு பல் முன்னாடி இழுத்துக்கோம்மான்னு. அது என்னோட இடம்ங்க."

"எட்டு மாசமா சொல்லல."

"எப்படிச் சொல்ல? மாடியிலேருந்து தினமும் பாத்தேன். உங்களுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. கிளவுஸ் சார்ஜரை மாட்டிவிட்டு மறுபடி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். அடியிலிருந்து அவரே பேச ஆரம்பித்தார்.

"கியர் ஆயிலையும் மாத்திடறேன் சார். எண்பதாயிரம் தாண்டிடுச்சு. ஊத்தற போல்ட் கழலுதான்னு பாத்துட்டுத்தான் வடிக்கிற போல்ட்டைத் தொடணும். சில பேர் மொதல்ல வடிச்சுடுவாங்க, அப்புறம் ஊத்தற பக்கம் இறுகிக்கும். வண்டியும் போச்சு, மானமும் போச்சு." எண்ணெய் தட்டில் ஒழுகும் சத்தம் கேட்டது. "பாருங்க, செவப்பா இருக்க வேண்டியது காப்பி மாதிரி வருது. மோட்டார் ரெண்டும் இதுலதான் முங்கிக் குளிருது, அதனால கண்ட ஆயிலை ஊத்தவும் கூடாது. கம்பெனிக்காரன் என்னடான்னா, வாழ்நாள் முழுக்க மாத்த வேணாம்னு போட்டிருக்கான். யாரோட வாழ்நாள்னு எழுதல."

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதன் பிறகு அடியிலிருந்து ஸ்பானர் சத்தம் மட்டும்தான் வந்தது.

மதியம் வண்டி எழுந்தது. சத்தமே இல்லாமல் ஒரு விளக்கு எரிந்தது, கொஞ்ச நேரத்தில் இன்ஜினும் சேர்ந்துகொண்டது. கிளவுஸ் கருவியைப் பார்த்தார். "பேட்டரி தப்பிச்சுடுச்சு. ஆனா நின்ன இடத்துல வெச்சிருந்தா போதாது சார். ரோட்டுல ஓடணும். ஒரு அரைமணி நேரம் சுத்திட்டு வாங்க, இப்பவே."

பஸ்காரர் ஓட்டுநர் கதவின் பக்கத்தில் நின்றார். கதவைத் திறந்தார். சீட்டைப் பார்த்தார். உட்காரவில்லை.

மனைவி கோப்பைகளைப் படிக்கட்டில் வைத்துவிட்டு வந்தாள். அவர் விலகினார். அவள் உள்ளே உட்கார்ந்தாள். எதையும் இழுக்கவில்லை, தள்ளவில்லை. கால் பெடலில் போய் உட்கார்ந்தது. நடுக்கண்ணாடியை எட்டு மாதமாக அவர் தொட்டதில்லை. இப்போது அதில் அவளுடைய கண்கள், வெட்டி ஒட்டியது போல, சரியாக நடுவில் இருந்தன. அவள் திரையின் மேலிருந்த துண்டை எடுத்து மடித்துப் பக்கத்து சீட்டில் வைத்தாள்.

பஸ்காரர் பின்கதவைத் திறந்து, சல்லடை இருந்த பக்கமாக ஏறிக்கொண்டார்.

அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். திருப்பத்தில் கொஞ்சம் அதிகமாகவே வேகத்தைக் குறைத்தாள். அதைக் குற்றம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பெரிய சாலைக்கு வந்ததும் சிவப்பு விழுந்தது. அவள் பிரேக்கை மிதித்து நின்றாள். கை கியரின் பக்கம் போகவே இல்லை. நின்ற வண்டியில் இன்ஜின் தானாக எழுந்தது. திரையில் ஓர் அம்புக்குறி இன்ஜினிலிருந்து பேட்டரிக்கு ஓடியது.

"பாருங்க, நின்னுட்டே ஏத்துது" என்றாள். "தட்டும் டம்ளரும் வெச்சு உங்களுக்குக் காட்ட வந்தாளே, இதைத்தான். நீங்க போனப்புறம் எனக்குக் காட்டினா."

அவர் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு இந்த சிக்னல்ல நின்னியா?"

"நின்னேன்." ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "மூணு சிக்னல். மூணும் செவப்பு. மொத்தமாப் பத்து நிமிஷம் இருக்கும்ங்க. நீங்க ஓட்டியிருந்தா..."

"நானும் நின்னுதான் போயிருப்பேன்."

பஸ்காரர் சிவப்பு விளக்கைத் தாண்டியதற்காக டிப்போவில் வாங்கிய மெமோக்கள் வீட்டில் ஒரு கோப்பு முழுக்க இருந்தன. தேதி வாரியாக அடுக்கி, நூல் கட்டி வைத்தவளே அவள்தான். கண்ணாடியில் அவரை ஒரு தடவை பார்த்தாள். "ம்" என்றாள்.

விளக்கைப் பார்த்தபடி, "இங்கதான்" என்றாள். "பச்சை விழுந்தும் எனக்குக் கால் நகரல. பயம். பின்னாடிலேருந்து ரெண்டு தட்டு தட்டினா. கையைத் தூக்கவே முடியல அவளால, அப்பவும் தட்டினா."

பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். அவளுடைய தோள் குலுங்குவது பின்சீட்டிலிருந்து தெரிந்தது.

பஸ்காரர் கையை நீட்டி, அவள் சீட்டின் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பின்னால் இன்னொரு ஹாரன் சேர்ந்துகொண்டது. இரண்டாவது தட்டுக்குக் கை எழ நேரமானது. விளக்கு மறுபடி மஞ்சளாகும்போதுதான் எழுந்தது.